அட்டமி நீர்

முதல் மாதம் நான் பிடித்தவை:
ஜெட்டித் தூண், கிழிந்த வலை, யாருடையதோ ஒற்றைச் சிலிப்பர்,
என் சட்டையின் முழங்கை.
இரண்டாம் மாதம் ஒரு கெளிறு.
அதன் முள் ஏறிய கட்டைவிரலைச்
சுடுதண்ணீர்க் குவளைக்குள் ஊறவைத்துக்கொண்டு
மறுநாள் முழுக்க
செம்பனை லாரிகளுக்கு எடைச்சீட்டு அடித்தேன்,
இடது கையால்.

"மீன் மார்க்கெட்டிலேயே கிடைக்குமே, கிராணியம்மா"
என்றான் லாரிக்காரப் புவனேந்திரன்.
கிடைக்கும்தான்.

ஊத்தான் மெலிந்தாங்கில் தூண்டில் விற்கும் ஆ கியோங்
யோசனை கேட்டால் விலை சொல்வார்.
ஆனால் அவர் கடை நாட்காட்டியில்
நீர் ஏறும் மணியும் இறங்கும் மணியும்
நாள்வாரியாகச் சிவப்பில் இருந்தன.
படம் எடுத்துக்கொண்டு
அமாவாசைக்கு மறுநாள் போனேன்.
ஆற்றுமுகம் ஓடிய ஓட்டத்தில்
என் ஈயக்குண்டு
கட்டிக் கிடந்த படகுகளுக்கு அடியில் போய்
வாடகையில்லாமல் குடியேறிவிட்டது.
அன்றைக்கு மட்டும் ஏழு குண்டு.
மணி சரிதான்.
நீரை நாட்காட்டியில் போடவில்லை.

அதிலிருந்து நூலை விரல்மேல் போட்டு வைக்கிறேன்.
சேற்றில் குண்டு இழுபட்டால் ஒரு மாதிரி,
நண்டு கிள்ளினால் ஒரு மாதிரி,
கொக்கியில் இருக்கும் இறால் பயந்து துள்ளினால் –
அதுதான், அதற்கு அடுத்த நொடிதான்.
எழுதச் சொன்னால் வராது.
முதலில் விரலுக்குத் தெரிகிறது.
எனக்கு அது அப்புறம் சொல்கிறது.

முடிச்சும் அப்படித்தான்.
காய்ந்தபடி இறுக்கினால் நூல் வெந்துபோகும்,
எச்சில் தொட்டு இறுக்கணும் என்பதை
கொடுவா மூன்று வந்து
சொல்லிவிட்டுப் போயின.
நான்காவதுக்கு முடிச்சில் குறையில்லை.
ரீலின் பிடியை நான்தான் முறுக்கி வைத்திருந்தேன்,
முறுக்கினால் என்னுடையதாகிவிடும் என்று.
பட்.
அந்தச் சத்தம் ஒரு வாரம்
சீட்டடிக்கும் மெஷினிலும் கேட்டது.

நேற்று அட்டமி.
எந்த நல்ல காரியத்துக்கும் ஆகாத நாள் என்பாள்
பக்கத்து வீட்டுத் தங்கச்செல்வி.
நீர் சோம்பலாய் ஏறும் நாள் என்பேன் நான்.
பிடியைத் தளர்த்தி வைத்திருந்தேன்.
போனது. போகவிட்டேன்.
நின்றது. இரண்டு சுற்று சுற்றினேன்.
மறுபடி போனது. போ, என்றேன்.
வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல,
அடுத்த தூணருகே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த
இந்தோனேசியப் பையன் திரும்பிப் பார்த்தான்.
இருபது நிமிடமோ நாற்பதோ.
காலா மீன்.
நெஞ்சுக்கடியில் அதற்கும் நூல் இருக்கிறது,
பக்கத்துக்கு நான்கு.
அதுவும் இவ்வளவு நேரம்
எதையோ தடவித்தான் பார்த்திருக்கும்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஆலைக்கு.
முதல் லாரி வருமுன்
மீனை எடைப்பாலத்தின் நடுவில் கிடத்திவிட்டு
ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.
சுழியம்.
நாற்பது டன் சுமக்கும் பாலத்துக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே எண்ணத் தெரியாது.
வாசலில் புவனேந்திரன் ஹாரன் அடித்தான்.
"எத்தனை டன், கிராணியம்மா?"

சிரித்துக்கொண்டே மீனைத் தூக்கும்போதுதான்
நினைவு வந்தது:
ரீலை நல்லதண்ணீரில் அலசவில்லை.
மோட்டார் கூடையில் கிடக்கிறது,
இந்நேரம் உப்பு பூத்திருக்கும்.
போன ரீலும் இப்படித்தான் போனது.