மூன்றெழுத்துத் தீவு

தடைக்காலத்தின் நாற்பதாவது நாள்.
காசிமேட்டில் லாஞ்சுகள் தோளோடு தோள் இடித்துக் கிடந்தன.
பெயிண்ட் அடிக்க எங்களுக்கு இடம் கிடைத்தது
திருவொற்றியூர் புதுத் துறைமுகத்தில்.
ரோட்டில் போனால் ஷேர் ஆட்டோ தூரம்.
தேசிங்கு கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டார்:
"நீயும் வர்றியா, பசங்களக் கூட்டிக்கினு?"

பதினாறு வருஷத்தில் முதல் தடவை.
பொம்பளை ஏறினால் மீன் இறங்கும் என்கிற கொழுந்தன்
நல்லவேளை அன்றைக்குக் கோவளம் போயிருந்தான்.

நாலு கல் தூரத்துக்கு எலுமிச்சை சாதம் கட்டினேன்.
தருண் ஸ்கூல் பையில் டார்ச்சு, பிஸ்கட்,
எதற்கென்று தெரியாமல் ஒரு கயிறு.
அலைத்தடுப்புக் கல்லைத் தாண்டினதும்
அவன் தின்ற சாதம் முழுக்கக் கடலுக்குப் போனது.
வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:
"தீவு எப்பப்பா வரும்?"

வெளியே கப்பல்கள்
துறைமுகத்துக்குள் கூப்பிடுவார்களா என்று
நங்கூரம் போட்டுக் காத்து நின்றன.
துரு ஏறினது எரிமலைத் தீவு.
பச்சைப் பெட்டிகள் அடுக்கினது தென்னந்தோப்பு.
ஒன்றின் கம்பியில் லுங்கி காய்ந்தது;
அதில் ஆள் இருக்கிறான்.
"எறங்கலாமாப்பா?"
"எறங்குனா கேஸு."

நிக்கோபார் பக்கமும் அதே கதைதானாம்.
சூரை தேடிப் போய் எட்டாம் ராத்திரி
விளக்கில்லாத கரையிலிருந்து
மழை பெய்த மண் வாசனை வரும்.
மூக்கு போகலாம், கால் போகக் கூடாது.
இதை அவர் பிள்ளைகளிடம் சொல்ல
நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.
வீட்டில் எனக்குக் கிடைப்பது
டீசல் விலையும் குறட்டையும்.

சங்கவி ஜிபிஎஸ் பெட்டியை நோண்டினாள்.
அவர் போய்வந்த வழியெல்லாம்
பூனை உருட்டின நூற்கண்டு மாதிரி கிடந்தது.
நடுநடுவே குறிகள், இங்கிலீஷ் எழுத்தில்.
"எஸ் ஏ என் நாலு. டி ஏ ஆர் ரெண்டு.
அப்பா, எங்க பேரு!"

சங்கவி நாலில் ஒரு டன் கெரை விழுந்தது.
தருண் ரெண்டில் வலை கிழிந்தது.
அவன் மறுபடி வாந்தி எடுக்கப் போனான்.

"ஏ என் ஜே. இதுக்கு மட்டும் நம்பரே இல்ல."

அஞ்சலாட்சி. நான்.
விரலால் அளந்து பார்த்தேன்:
கரைக்கும் ஆழத்துக்கும் நடுவில், சும்மா நீலம்.
"எனக்கு என்னா வுழுந்துச்சு?"
அவர் சுக்கானைப் பிடித்தபடி
எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்கிற மாதிரி நின்றார்.
"அங்க ஒண்ணும் வுழாது.
அங்கதான் டவர் அறும்."

போன் அடித்தது. குழுக்கடன் மேடம்.
நாலு கோடு, முழு டவர்.
"மேடம், நாங்க ஒரு தீவுல இருக்கோம்,
கேக்கல, கேக்க..."
அணைத்து மடியில் போட்டுக்கொண்டேன்.
தேசிங்குக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பது
சிரித்தபோதுதான் தெரிந்தது.
எப்போது விழுந்தது, எந்தக் கடலில்,
நான் கேட்கவில்லை.

அதற்குள் திருவொற்றியூர் வந்துவிட்டது.
மெதுவாகப் போகச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் பதினைந்து விடிகாலை புதுப் பெயிண்டோடு போனார்கள்.
இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.
சிலிண்டர் புக் பண்ணச் சொன்னார்.
தருணுக்குச் சளி எப்படி என்று கேட்டார்.
"அப்பறம் அந்த உப்பு..." என்றார். அறுந்தது.

எந்த உப்பு, எதற்கு உப்பு,
இருபது நாள் கழித்துத்தான் தெரியும்.
முன்பெல்லாம் அலோ அலோ என்று கத்துவேன்.
இப்போது போனை அரிசி டின் மேல் வைத்துவிட்டு
வெங்காயத்தை எடுத்தேன்.
பதிமூன்று டிகிரி எட்டு, எண்பது டிகிரி முப்பத்திமூன்று.
என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்.