கேட்டால் கையைத் தூக்கவும்

கண்ணாடிக்கு அந்தப்புறம்தான் முதலில் பார்த்தேன் அவளை.
சத்தம் நுழையாத அறையில் உட்காரவைத்து
தலையில் ஹெட்போனை மாட்டி
"கேட்டா கையைத் தூக்குங்க,
எவ்வளவு சன்னமா கேட்டாலும்" என்றாள்.

வலது காதில் கொசு, விசில், எங்கோ ஒரு ரயில்.
இடது காதில் எதுவுமில்லை.
ஆனாலும் இரண்டு முறை தூக்கினேன்.
"பொய் சொல்லாதீங்க" என்றது மைக்.

மேல்விஷாரத்துத் தோல் ஷாப்பில்
மர டிரம்மை இடப்பக்கம் வைத்துப்
பதினாறு வருடம் நின்றவன் நான்.
அவள் தந்த வரைபடத்தில்
வலது கோடு சமதரை.
இடது கோடு
மலையிலிருந்து தவறி விழுந்த ஆடு.

மூன்றாம் முறை போனபோது கேட்டாள்:
"அந்த டிரம் சத்தம் எனக்குக் கிடைக்குமா?"
காதைக் கொடுத்து வாங்கியது மேடம், என்றேன்.
சிரிக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை வந்தாள்,
ஸ்பாஞ்ச் சுற்றிய மைக்கும் மூக்கில் துப்பட்டாவுமாக.
வாட்ச்மேனுக்கு நான் சொன்னது: ஹெல்த் இன்ஸ்பெக்டர்.

பெயர் பியூலா.
சர்ச் கொயரில் ஏழு வருடம்
வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்களாம்.
குரல் மற்றவர்களோடு கலக்கவில்லையாம்.
டூட்டி முடிந்த இரவுகளில்
அதே அறைக்குள் தாழிட்டுக்கொண்டு பாடியிருக்கிறாள்,
மெமோ வரும்வரை.
மெமோ வந்த பிறகும்.

இப்போது போனில் இருக்கிறது முதல் ஆல்பம்.
எட்டுப் பாட்டு, நாற்பத்தொரு நிமிடம்.
கேட்டவர்கள் எண்ணிக்கை முப்பத்தேழு என்று காட்டுகிறது,
அதில் பத்து நான்.

முதல் பாட்டில் இரண்டு நிமிடம் மூச்சு மட்டும்.
"எப்போ பாடுவா?" என்றாள் ரஹீமா.
பாடிக்கிட்டுதான் இருக்கா.
"மிக்ஸி ரிப்பேர் மாதிரி இருக்கு."

இரண்டாவதில் ஆஸ்பத்திரி எதிர்சந்து லாட்ஜின் நடைவழி:
யாரோ வங்காளத்தில் அரிசி விலை கேட்கிறார்கள்,
ஸ்டவ் சீறுகிறது,
அதற்கு அடியில் பியூலா
ரசீது ரசீது ரசீது என்கிறாள்
தாலாட்டு மாதிரி.
மூன்றாவது, மே மாதம்.
ஒரு மின்விசிறி,
"இன்னும்" என்ற ஒரே சொல்.

நான்காவதில் பாலாறு.
தண்ணியில்லாத ஆறென்று ஊரைக் கிண்டலடிப்பார்களே,
அந்தப் பழைய பேச்சு இதில் இல்லை.
வெள்ளம் வந்த வருடம்
பாலத்திலிருந்து மைக்கைத் தொங்கவிட்டிருக்கிறாள்.
பெருக்கின் அடியில்
முந்தைய வருடத்து மணல் லாரி ஒன்று
முனகிக்கொண்டே போகிறது.
அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு முறை பிடித்தது.

ஆறாவது பாட்டில் ஒன்றுமேயில்லை.
நான்கு நிமிடம் வெறும் வெள்ளை.
என் டிரம்மை எங்கும் காணோம்.
கோபமாகத்தான் போன் போட்டேன்,
ராணிப்பேட்டை பஸ்ஸில் உட்கார்ந்தபடி.
எதிர்முனையில் கொஞ்சநேரம் சத்தமில்லை, பிறகு:
"எந்தக் காதுல கேக்கறீங்க?
மாத்திப் போடுங்கண்ணே."

இடதை எடுத்து வலதில் சொருகினேன்.

வந்தது.
ஈரத் தோலின் தொப்தொப்,
பட்டைச் சாற்றின் புரளல்,
நான் எண்ணெய் விட மறந்த பேரிங்கின் கீச்சுகூட.
எங்கே தொலைத்தேனோ
அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள்.
எட்டுப் பாட்டிலும்
பாதியை விட்டுவிட்டுத்தான்
பத்து முறை கேட்டிருக்கிறேன்.

டிரம்முக்கு மேலே ராகமில்லாத அவள் குரல்
இருநூற்றைம்பது என்றது,
ஐநூறு என்றது,
ஆயிரம்.
பிறகு டிரம் நின்றது.
வெகு தூரத்தில், ஊசிமுனை அளவுக்கு,
அந்தப் பழைய கொசு.

கையைத் தூக்கினேன்.

சத்துவாச்சாரி பைபாஸ்.
கண்டக்டர் என்னைப் பார்த்து விசிலடித்தார்.
பஸ் நின்றது. எல்லோரும் திரும்பினார்கள்.
என் ஸ்டாப்பிங் இல்லை அது.
இறங்கி நின்றேன்,
லாரிகள் கடக்கும் வெயிலில்.
பாட்டு இன்னும்
ஒன்றரை நிமிடம் இருந்தது.