கையொப்பத்தின் அகலம்

பணிப்பாளர் சபைக் கூட்டக் குறிப்பில்
இதையெல்லாம் எழுத முடியாது.
அதனால் இங்கே.

முகாமைப் பணிப்பாளர் நிஸ்தார்
கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு
நாற்பது நிமிடத்தில் போய்விடுவார்.
கல்லாற்றுப் பாலத்தில் எதிரே லொறி வந்தாலும்
முன்னால் போகும் பஸ்ஸை முந்துவார்.
பின் இருக்கையில் நான்,
மடியில் கணக்குக் கோப்பு, கண் மூடி.
அந்தக் கைதான்
சம்மாந்துறையில் மூன்றாவது அரிசி ஆலைக்குக்
காணியைப் பார்க்காமலே முற்பணம் எழுதியது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்
அவர் கையொப்பம் நாலு சென்ரிமீற்றர்.
(அளந்தேன். மேசையில் அடிமட்டம் கிடந்தது.)
முதல் ஆலை இலாபம் காட்டியபோது ஐந்தரை.
போன மாதம், கடன் விண்ணப்பத்தில், ஒன்பது.
கடைசி எழுத்தின் கால்
வங்கி முத்திரைக்கு விட்ட பெட்டிக்குள் போய் நின்றது.

மற்றப் பங்காளி சதாசிவம்
களஞ்சியத்து மூடைகளைத் தானே எண்ணுவார்.
எண்ணியதைத் திரும்பவும் எண்ணுவார்.
கடன் என்ற சொல் விழுந்தால்
தேத்தண்ணிக் கோப்பையை
மேசை விளிம்பிலிருந்து உள்ளே நகர்த்துவார்.

ஒரே காலை, ஒரே கடல்.
மருதமுனையில் நிஸ்தார் வீட்டு மூன்றாம் படியில்
தண்ணீர் நின்றது. திரும்பிப் போனது.
பாண்டிருப்பில் அது நிற்கவில்லை.
அன்று சதாசிவம் எத்தனை தரம் எண்ணினார் என்று
ஒருவரும் கேட்டதில்லை.

கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர்
நெல் விலை கேட்டார், வட்டி வீதம் கேட்டார்,
மாரி மழை பிழைத்தால் என்ன என்றார்.
எந்தப் படிவரை தண்ணீர் வந்தது என்பதற்கு
அவருடைய படிவத்தில் இடமில்லை.
இடர்: நடுத்தரம் என்று அடையாளமிட்டார்.

நாலுக்கு ஒன்று.
நிஸ்தார் சிரித்தார், அன்பாகத்தான்:
"நீங்க பயந்துக்கிட்டே இரிங்க,
நான் உழைச்சித் தாறன்."
'பெரும்பான்மையால் நிறைவேற்றப்பட்டது'
என்று மட்டும் எழுதினேன்.

சரி, இதையும் சொல்ல வேண்டும்:
சதாசிவத்தின் பேச்சைக் கேட்டிருந்தால்
இரண்டாவது ஆலையே இல்லை.
கணக்காளர் தேவை என்ற விளம்பரமும் இல்லை.
என் மகளின் ரியூசன் காசு
அந்த ஒன்பது சென்ரிமீற்றருக்குள்தான் எங்கோ இருக்கிறது.

சாட்சிக் கோட்டில் இடம் மிஞ்சவில்லை.
அவருடைய 'நி'யின் வளைவுக்குள்ளேயே
என் ஒன்றரைச் சென்ரிமீற்றரைப் போட்டேன்.

திரும்பி வரும்போது கல்லாற்றில் லொறி வந்தது.
முந்தினார்.
நான் கண்ணை மூடவில்லை.
அதை நினைத்துத்தான்
இரவு நித்திரை வரவில்லை.