வரவு செலவு

மைனஸ் முப்பத்தொன்று.
மனிடோபாவின் வடக்கே, உறைந்த ஏரிக்கரையில்
கல்லூரியின் கொதிகலனை அணைத்துவிடலாம் என்று
போன மார்ச்சிலேயே எழுதிக் கொடுத்தவள்
ஒக்ஸானா ஹ்ரிட்சாக்.
நிதி அலுவலகத்தில் பதினான்கு வருடம்.
தசமப் புள்ளி அவள் கையில் வழுக்கியதில்லை.

வின்னிபெக்கிலிருந்து வந்த ஆலோசகர்
ஒரு கோடு வரைந்து காட்டினார்:
முதல் வருடம் மலை,
அப்புறம் சரிவு, அப்புறம் சமவெளி.
ஒருமுறை பதிவு செய்துவிட்டால்
நூறாவது மாணவருக்குச் செலவில்லை,
ஆயிரமாவது மாணவர் லாபம்.
யாரோ கைதட்டினார்கள்.
அறிக்கைக்கு நாற்பத்திரண்டு பக்கம்.
அதன் பெயர் உத்தி.

பாடம் நன்றாகவே இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும்.
உடற்கூறியல் ஆசிரியர் இதய வால்வைத் திறந்து காட்டும்போது
கேமராவுக்குப் பின்னால் ஒருவர் தும்முகிறார்.
ஒவ்வொரு பருவத்திலும்
பத்தொன்பதாவது நிமிடத்தில்
அதே தும்மல்.
ஆசிரியர் ஓய்வுபெற்று ஊர் மாறிவிட்டார்.
தும்மலுக்கு மட்டும் நூறாயுசு.

ரோஷெல் லிங்க்லேட்டர், நர்சிங், இரண்டாம் வருடம்.
சந்தேகம் இருந்தால் பெட்டியில் எழுதலாம்,
பதில் மூன்று வேலை நாளில்.
எழுதினாள், பாடத்தைப் பற்றி அல்ல:
'என் ரசீதில் வளாகக் கட்டணம் அறுபத்தொரு டாலர்.
எந்த வளாகம்?'
கூடவே மூன்று காகிதங்கள், போனில் படமெடுத்தவை.
வீட்டு மின்கட்டணம்.
இருபதாம் தேதியே தீர்ந்துபோன டேட்டாவின் பில்.
நூலகம் மூடியபின்
அதன் வைஃபை எட்டும் தூரத்தில் வண்டியை நிறுத்தி,
பின்சீட்டில் பிள்ளை தூங்க,
ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுப் படித்த
இரவுகளின் பெட்ரோல் ரசீது.
'இவையும் வளாகத்தில் சேருமா?'

கேலியா, கேள்வியா?
ஒக்ஸானாவுக்குப் பிடிபடவில்லை.
மதிய ரொட்டியைப் பிரிக்காமல்
கணிப்பானை இழுத்துக்கொண்டாள்.

கொதிகலன் அணைந்ததில் மிச்சம் எண்பத்து நாலாயிரம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்,
வீட்டுக்கு, குறைத்துப் போட்டாலும், இருநூற்றுத் தொண்ணூறு.
பெருக்கினாள்.
தொண்ணூறாயிரத்து நானூற்று எண்பது.
மறுபடி பெருக்கினாள்.

வரவுப் பத்தியில் பணம் வந்திருக்கிறது,
ஆள் வரவில்லை.
செலவோ சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி
ஏரியைச் சுற்றி, பனியில் தடமில்லாமல்
வீடு வீடாகப் போயிருக்கிறது.

சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.
கொதிகலனைக் கையுறை கழற்றித் தொட்டாள்.
எதற்கென்று கேட்டால் அவளுக்கே தெரியாது.
விரல் ஒட்டிக்கொண்டது, தோல் கொஞ்சம் போயிற்று.

மேசைக்குத் திரும்பி
அறுபத்தொன்றை அடித்தாள்.
யாரிடமும் கேட்கவில்லை. தணிக்கையில் நிற்காது.
பிறகு அந்தப் பெட்ரோல் ரசீதை அச்செடுத்து,
இரண்டு துளை போட்டு,
கல்லூரிக் கோப்பில் கோத்து,
மூலையில் பென்சிலால்
ஒரு வவுச்சர் எண் எழுதினாள்.