இரண்டு பேர்

தாளில் இரண்டே கட்டம்.
ஒன்று ஊசி. மற்றது இடைவெளி.
எது விருப்பமோ அதில் ஒரு புள்ளடி.
பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடந்த மாதங்களில்
என்னை லயத்துக்கு லயம் அனுப்பினார்கள்.
வீட்டுக்கு முப்பது ரூபா,
முகக்கவசம் அவர்கள் செலவு.

"ஆறடி தள்ளியிருப்பது
மிகவும் சிரமமா, ஓரளவு சிரமமா,
சிரமமே இல்லையா?"
ரெங்கநாயகி கேள்வியை முழுதாய் வாசிக்க விட்டாள்.
பிறகு எழுந்து
சுவரிலிருந்து சுவருக்கு அடிமேல் அடி வைத்து
நடந்து காட்டினாள்.
நீளத்துக்குப் பன்னிரண்டு. குறுக்கே பத்து வரவில்லை,
அரிசிப் பெட்டி காலில் இடித்தது.
"உள்ளுக்க எட்டுப் பேரு.
நீயே கணக்குப் போட்டு
நீயே கிறுக்கிக்க புள்ள."

இடைவெளி மலையில் இருக்கிறது.
வேரும் வேரும் முட்டக்கூடாதென்று
கயிறு பிடித்து அளந்து
செடிக்குச் செடி குழி வெட்டியிருக்கிறார்கள்.
நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கையில்
நாங்களும் தள்ளித்தான் நிற்கிறோம்,
கூப்பிட்டால்தான் அடுத்தவளுக்குக் கேட்கும்.
நிறுவைக்கு மடுவத்தில் இறங்கும்போது மட்டும்
தோளோடு தோள், கூடையோடு கூடை,
ஒருத்தி இருமினால் எல்லோரும் திரும்புகிற நெருக்கம்.
மடுவத்தைப் பற்றித் தாளில் கேள்வி இல்லை.

பாலேந்திரன்
புறக்கோட்டைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து
லொறியில் ஒளிந்து வந்தவன்.
பதினான்கு நாள் மரக்கறிக் கொட்டிலில் படுக்கை.
பெண்சாதி சோற்றைக் கல்லில் வைத்துவிட்டுப் பின்வாங்குவாள்.
மேட்டில் நின்று பிள்ளை கையாட்டினால்
இருபதடி தூரத்திலும்
சட்டையால் வாயைப் பொத்திக்கொள்வான்.
"ரெண்டுலயும் போடுங்க" என்றான்.
ஒன்றில்தான் போடலாம்.
"அப்ப ஊசி. அட்டை இருந்தாத்தான்
மொதலாளி திரும்பக் கடைக்குள்ள விடுவாரு."
நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஜெசிந்தா ஊசி வேண்டாமென்றாள்.
காரணம் எழுத நான்கு வரி விட்டிருந்தது.
ஒரு வரி போதுமாயிருந்தது அவளுக்கு:
"ஊசி போட்டா ரெண்டு பேரு போயிரும்."
சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கொடுத்தேன்.

மறுவாரம் நுவரெலியாவிலிருந்து அழைப்பு.
"யார் அந்த இரண்டு பேர்?
எப்போது இறந்தார்கள்? உறவா?"
நல்ல மனிதர். குரல் தணிந்திருந்தது,
செத்த வீட்டில் பேசுவது போல.
யாரும் சாகவில்லை சார்.
எங்களுக்குப் பேர் என்றால் நாட்சம்பளம்.
கிலோ நிறைந்தால் செக்ரோலில் ஒரு பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
ஊசிக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வருமாம்,
அதைத்தான் சொன்னாள்.
"ஓ" என்றார்.
பிறகு தட்டச்சுச் சத்தம், நின்று,
மறுபடி கொஞ்சம், நின்று.
எந்தக் கட்டத்தில் போடுவதென்று
அவருக்கும் தெரியவில்லை போல.

ஊசி ஒரு சனிக்கிழமை வந்தது.
பள்ளிக்கூட முற்றத்தில்
சுண்ணாம்பால் வட்டம் வட்டமாய் வரைந்துவிட்டு
பி.எச்.ஐ. ஐயா விசில் ஊதினார்.
முதல் வட்டத்தில் ஜெசிந்தா.
என்னைப் பார்த்து அவளாகவே சொன்னாள்:
"நாளைக்கு ஞாயிறு, திங்க போயா.
காய்ச்ச வந்தா அதுக்குள்ள வந்துட்டுப் போவட்டும்."

பத்து மணிக்குச் சாய்வாய் மழை பிடித்தது.
வட்டங்கள் வெள்ளையாய் வாய்க்காலில் இறங்க
நூற்றுச் சொச்சம் பேரும் ஒரே தாழ்வாரத்தில் ஒண்டினோம்.
என் பங்குத் தாள் சேலை மடிப்பில் நனைந்தது,
இரண்டு கட்டமும் காலியாக.

உள்ளே மிஸ்ஸி கேட்டாள்:
"எந்தக் கையில் போட?"
ஜெசிந்தா இரண்டையும் நீட்டினாள்,
கறை ஏறிய பத்து விரல்.
ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள்.
"ரெண்டாலயுந்தானே மிஸ்ஸி
கொழுந்து எடுக்கிறது."