விலாயதி

கருத்தரங்கின் கடைசி நாள்.
மதியத்துக்கு மேல் என்னை யாரும் தேடவில்லை.
மெஹ்ரௌலி தாண்டி ஆட்டோ நின்ற இடத்தில்
பாறை, முள்வேலி, மழை விட்ட சேறு,
ஞாயிறுதோறும் காடு வளர்க்க வரும் முப்பது பேர்.

ராஜ்வதி என் கையில் கடப்பாரையைத் திணித்தாள்.
முதலில் பிடுங்கு, பிறகு நடலாம்.
எதை?
விலாயதி கீக்கர், என்று கைகாட்டினாள்.

அட, நீயா!
எனக்கு முன்னாலேயே ரயிலேறி வந்து
குன்று முழுக்கக் குடும்பம் நடத்துகிறாய்.
பரமக்குடிப் பக்கம் உன்னை மூட்டம் போட்டுக்
கரியாக்கி விற்ற காசில்தான்
அப்பா எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்.
ரசீதில் உன் பெயர் இல்லை.

எங்கள் பக்கம் இது சீமைக்கருவேலம், என்றேன்
உடைந்த இந்தியில்.
சீமை என்றால்?
விலாயதி.
சிரித்துவிட்டாள்:
அப்படியென்றால் இது எந்த ஊர்க்காரன்தான்?
எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும்.

வேர் லேசில் விடவில்லை.
மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம், ஒருவர் விழுந்தார்.
அந்தக் குழியிலேயே ஒரு தௌ கன்று,
விரல் உயரம், எண்ணி ஐந்து இலை.
கன்றில் கட்டும் அட்டையில் நட்டவர் பெயர், ஊர்.
பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினாள்.
ஊருக்கு இடம் போதவில்லை;
'வெளியூர்' என்று முடித்துக்கொண்டாள்.

மெட்ரோவில் குதிகால் உறுத்தியது.
செருப்பைத் திருப்பினால் அடியில்
பாதி ஒடிந்த முள்.
பிடுங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்,
அதற்குள் ராஜீவ் சௌக் வந்துவிட்டது,
கூட்டம் தள்ளியது,
நொண்டிக்கொண்டே இறங்கினேன்.