ஒரு தட்டு மிச்சம்

கோஸ்லாருக்கு வெளியே, மழையில் ஊறும்
செத்த வண்டிகளின் முற்றத்தில்
பதினோரு வருடமாக என் வேலை
எண்ணெய் வடிப்பது, பேட்டரி கழற்றுவது,
பிறகு கிரேனில் ஏறி நசுக்குவது.

அந்தப் பச்சை ஓப்பலுக்கு
பின்பக்கம் மட்டும்தான் அடி.
உயிர் இருக்கிறதா என்று சாவியைத் திருப்பினேன்.
கதறியது.

கார் இல்லை. காருக்குள் ஒருவன்.
தொண்டையில் சரளைக்கல்லைப் போட்டு
அரைக்கிற மாதிரி ஒரு குரல்.
அதன் கீழே, தகரக் கூரையில்
ஆலங்கட்டியாய் டிரம்.
இசைத்தட்டை வெளியே தள்ளும் பொத்தானை அழுத்தினேன்.
வரவில்லை.
மறுபடி. வரவில்லை.
சத்தத்தைக் குறைக்கும் திருகு
எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது.

என் தாய்மொழிதான். ஒரு சொல் புரியவில்லை.

"பிளாக் மெட்டல், ஃப்ராவ்கே" என்றான் யோர்ன்,
வாயில் பாதி ரொட்டியோடு.
செம்பு தெரியும், துத்தநாகம் தெரியும்,
புகைக்குழாய்க்குள் ஒளிந்திருக்கும்
பல்லேடியத்தின் இன்றைய விலை தெரியும்.
இந்த உலோகத்தை மட்டும்
நான் எடைபோட்டதில்லை.

பேட்டரியைக் கழற்றியிருக்கலாம்.
பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரே ஒரு திருகு.
கையில் ஸ்பேனரோடுதான் நின்றேன்.

அப்போது அலறல் ஓய்ந்து
ஒற்றைக் கிட்டார்,
பூட்டிய வீட்டில் யாரோ விளக்குப் போட்டதுபோல.
நாலு சுரம் ஏறி, ஐந்தாவதில் தயங்கி,
ஏறாமல் இறங்கி வந்தது.
திரும்ப அதே நாலு. அதே தயக்கம்.
பூட்ஸ் காலால் தாளம் போட்டுப் பார்த்தேன்.
எப்போதும் ஒரு தட்டு மிச்சம்.
ஏழு. ஏழு. ஏழு. நடுவில் திடீரென ஓர் ஐந்து.
நொண்டி நடக்கிற ஆள்
ஓடத் தொடங்கியதும்
நொண்டல் காணாமல் போவதுபோல
டிரம் வந்து சேர்ந்துகொண்டது,
அந்த ஐந்தாவது சுரம்
ஏறிவிட்டது.

எதிரே ஹார்ட்ஸ் மலை.
வண்டு தின்ற ஸ்ப்ரூஸ் மரங்கள்
நின்றபடியே செத்து, சாம்பல் பூத்து.
தினமும் பார்க்கிற மலைதான்.
அதற்காக யாராவது ஒருவன்
இப்படிக் கத்தியிருக்க வேண்டாமா
என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை வண்டிக்காரர் வந்தார்,
குழந்தை இருக்கையை எடுத்துப் போக.
ஹாசல்ஹோர்ஸ்ட். பொய்ப்பல் செய்கிறவர்,
விரல் நகங்களுக்குள் வெள்ளை மாவு.
"யார் பாட்டு அது?" என்றேன்.
கழுத்து சிவந்தது அவருக்கு.
"வாங்கும்போதே உள்ளே இருந்தது.
ஆறு வருடம் முட்டிப் பார்த்துவிட்டேன்.
என் மகள் அந்த மூன்றாவது பாட்டில்தான் தூங்குவாள்,
அந்த நீளமானது..."
"பதினாலு நிமிடம்" என்றேன்.
இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம்
பார்த்துக்கொண்டு நின்றோம்.

இப்போது எப்படித் தூங்குகிறாள் என்று
கேட்க மறந்துவிட்டேன்.

திங்களன்று ஓப்பலை நசுக்கினேன்.
அதற்கு முன், டாஷ்போர்டைப் பெயர்த்து
பிளேயரைத் தனியே எடுத்து, மூடியைத் திறந்தேன்.
தட்டின் மேல் வேரோடு வேர் பின்னிய
ஏதோ எழுத்து.
அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்
தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம்.
முதலெழுத்து எஸ் என்றான் யோர்ன்.
எனக்கு அது மான்கொம்பு.
இணையத்தில் தேடித் தருகிறேன் என்று
போனை எடுத்தான்.
வேண்டாம் என்று மூடியைத் திருகினேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

இப்போது அது கிரேன் அறையில்,
காப்பிக் குடுவைக்குப் பக்கத்தில், வயர் தொங்க.
அந்த அலறலில் இதுவரை பிடிபட்டது
ஒரே சொல்: "இன்னும்".
அதுவும் நிச்சயமில்லை.
"இருமல்" ஆகவும் இருக்கலாம் என்கிறான் யோர்ன்,
கேலிக்கு.

இரும்பு நகம் ஒரு ஃபோர்டைக் கவ்வி
அந்தரத்தில் ஆடுகிறது.
நாலு சுரம் ஏறியாயிற்று.
கீழே அவன் கையை ஆட்டுகிறான்,
போடு, போடு என்று.
லீவரில் என் கை.
பொறு, ஒரு தட்டு பொறு.